பெட்டிக்குப் போகாத போர்வை

"போர்வையைத் தூக்கிட்டுப் போயிட்டா! ஜெபம் பண்ணி மடிச்சு வச்சதை!"

அகனேதா அக்கா போட்ட சத்தத்தில் என் மடியில் தூங்கிய குழந்தை திடுக்கிட்டு விழித்தது. போச்சு, இனி அது தூங்காது.

எங்கள் மெனோனைட் சபைக்கு யுத்தம் என்றாலே ஆகாது. துப்பாக்கியைத் தொடுவதே பாவம். யுத்தத்தில் அடிபட்டவர்களுக்காகப் புதன்கிழமைதோறும் சபைக் கட்டிடத்தின் கீழறையில் கூடிப் போர்வை தைப்போம். முடிச்சுக்கு முடிச்சு ஒரு ஜெபம். தைத்து முடித்ததும் எல்லோரும் அதன்மேல் கை வைத்து ஜெபித்து, பெட்டியில் அடுக்கிக் கடல் தாண்டி அனுப்புவோம்.

"யாரு அக்கா எடுத்தது?" என்றாள் எதிரே தைத்துக்கொண்டிருந்த நேட்டா.

"வேற யாரு? யுஸ்தீனாதான். கோட்டுக்குள்ள சுருட்டி வச்சதை இவ பார்த்திருக்கா. வாயைத் திறந்து சொல்லேண்டி!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச்சு வராது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஆனா யுஸ்தீனாக்கா வீட்டு அலமாரி நிறைய போர்வைதானே இருக்கு?" என்றாள் நேட்டா. "இங்க தைக்கிறதுலயே பாதி அவங்க கைவேலை."

"அதைத்தான் நானும் கேட்கிறேன். தனியா இருக்கிறவளுக்கு எத்தனை போர்வை வேணும்? குண்டு விழற ஊர்ல குளிர்ல கிடக்கிறவங்க வாயில மண்ணைப் போட்டுட்டாளே! ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி நிறுத்தறேன். இனிமே இந்தக் கூட்டத்துல அவளுக்கு இடமே கிடையாது. கிளம்புடி, நீதான் சாட்சி."

பனியில் கார் வழுக்கிக்கொண்டே போனது. வழியெல்லாம் திட்டு. யுஸ்தீனா அக்காவுக்குக் கொஞ்சம், முன்னால் போன லாரிக்குக் கொஞ்சம், அழுத என் குழந்தைக்குக் கொஞ்சம். நடுநடுவே, "ஆண்டவரே, எனக்குப் பொறுமையைத் தாரும்" வேறு.

யுஸ்தீனா அக்கா கதவைப் பாதி திறந்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா. இப்பத்தான் கண்ணசந்தான்."

"யாரு?"

"கோர்னி."

அகனேதா அக்காவின் முகம் கறுத்தது. கோர்னி யுஸ்தீனா அக்காவின் ஒரே மகன். பட்டாளத்தில் சேர்ந்ததற்காகச் சபை அவன் பேரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவனைப் பற்றிப் பேசுவதில்லை.

"துப்பாக்கி தூக்கினவனை வீட்டுக்குள்ள விட்டியா?"

"வேற எங்கக்கா விடறது? என் பிள்ளை."

எட்டிப் பார்த்தேன். சமையலறைத் தரையில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், சுவரோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தான். மேலே நாங்கள் தைத்த போர்வை.

"கட்டில்ல படுக்க மாட்டேங்கிறான். ஒரு தட்டு கீழ விழுந்தா மேஜைக்கு அடியில போய் ஒளியறான்."

என் குழந்தை சிணுங்கியது. அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. நான் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

அகனேதா அக்கா குரலைத்தான் தாழ்த்தினாள், கோபத்தை அல்ல.

"அதுக்கு உன் வீட்டுப் போர்வையைப் போர்த்திவிட வேண்டியதுதானே? ஜனங்க ஜெபம் பண்ணினதையா திருடுவ?"

யுஸ்தீனா அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுப் போர்வைமேல நான் ஒருத்திதான் கை வச்சு ஜெபம் பண்ணியிருக்கேன். இதுமேல நீங்க எல்லாரும் கை வச்சீங்க. இவன் பேரைச் சொல்லிக் கேட்டிருந்தா, ஒருத்தராவது வச்சிருப்பீங்களாக்கா?"