மூன்றாவது பத்தி

"காவடிக்கு மால போட்டிருந்த மனுஷன் சார் அவரு. விரதத்துல குடிப்பாரா?"

நவமணி கேட்டதற்கு சதாசிவம் வாத்தியார் பதில் சொல்வதற்குள் உள்ளே இரைச்சல் கூடிவிட்டது. மலேசியாவின் ஈப்போ நகரத்தில், ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய டியூஷன் வகுப்பு. முப்பது பிள்ளைகள் மலாய்க் கட்டுரையைத் தொண்டை கிழிய மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

"மனசுக்குள்ள படிங்கலா!" என்று அதட்டினார். "கடிதம், விவாதம், அறிக்கை எல்லாத்துக்கும் அச்சு போட்டுக் கொடுத்திருக்கேன். பேரையும் தேதியையும் மாத்துங்க, போதும். சொந்தமா யோசிச்சுக் கெடுத்துடாதீங்க."

வீட்டில் மலாய் பேசாத தோட்டத்துப் பிள்ளைகளைத் தேற வைக்க அவர் கண்ட வழி அது. ஒவ்வொரு வருடமும் புதுப் புது மாதிரிக் கட்டுரைகளை எழுதிக் கொடுப்பார். பிள்ளைகளும் தேறினார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூட உண்டு.

நவமணி கையிலிருந்த காகிதங்களை நீட்டினாள். அவள் புருஷன் உடையப்பன் தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஆலை வேலையாள். ரோலர் இயந்திரம் கையைப் பிடித்து இழுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. செத்து மூன்று வாரம். மேல் காகிதம், மாதக் கடைசிக்குள், தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு. அடியில் விபத்து பற்றிய அறிக்கை, மலாயில்.

சதாசிவம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எழுதியவன் முறை தெரிந்தவன்தான். தலைப்பு, தேதி, இடம். முதல் பத்தியில் எங்கே, எப்போது. இரண்டாவதில் என்ன நடந்தது. மூன்றாவதில் காரணம். கடைசியில் ஆலோசனை. ஓர் எழுத்துப் பிழை இல்லை.

"மூணாவது பத்திய மட்டும் படிங்க சார். அதச் சொல்லித்தான் எல்லாரும் காறித் துப்புறாங்க."

அவர் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். எங்கும் தடுமாறவில்லை. ஆபீஸ் காகிதம் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்.

"'இவ்விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். அன்று காலை அவர் மது அருந்தியிருந்தார். சக தொழிலாளிகள் இருவர் எச்சரித்தும் அவர் கேட்கவில்லை.'"

"எந்த ரெண்டு பேரு சார்? அவரு ஒத்தையாத்தான் நின்னாரு. நிப்பாட்டுற சுவிட்ச் கெட்டுப்போயி நாலு மாசமாச்சு. மூணு தடவ போயிச் சொன்னாரு. அதப் பத்தி இதுல இருக்கா?"

"இல்லம்மா."

"விரதத்துல குடிச்சான், முருகனே கைய வாங்கிட்டான்னு தோட்டமே பேசுது. கருமாதிக்கு நாலு பேரு கூட வரல. வீடு போனாப் போவுது சார், எங்கயாவது கெடப்பேன். செத்தவருக்கு இந்தப் பேரு வேணாம். நீங்க ஒரு எதிர்க் கடிதம் எழுதிக் குடுங்க."

சதாசிவத்துக்கு ரத்தம் கொதித்தது. "இந்த அக்கிரமத்த எழுதுனது யாரு?"

"தோட்டத்து ஆபீஸ்ல எழுத்து வேல பாக்குற ஜெயபாலன் கிராணி. ஒங்ககிட்ட படிச்சேன்னு பெருமையாச் சொல்லும் சார். அத வச்சுத்தான் ஒங்களத் தேடி வந்தேன்."

ஜெயபாலன்! எட்டு வருடத்துக்கு முன்னால், சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து படித்த பையன். மலாயில் தேறியதால்தான் அவனுக்கு அந்த நாற்காலியே கிடைத்தது. இப்போது மானேஜருக்கு விலை போய்விட்டான் போல.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, நவமணியுடன் தோட்டத்து பஸ்ஸில் ஏறினார் வாத்தியார்.

ஆபீசில் அவரைப் பார்த்ததும் ஜெயபாலன் துள்ளி எழுந்தான். "சார்! வாங்க சார்! உட்காருங்க!" என்றவன், வாசலில் நின்ற நவமணியைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினான்.

சதாசிவம் உட்காரவில்லை. அறிக்கையை மேசைமேல் அறைந்தார். "உடையப்பன் குடிச்சிருந்ததை நீ கண்ணால பார்த்தியாலா?"

"இல்ல சார். நான் ஆலைப் பக்கமே போகல."

"பார்த்தேன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"அப்போ மானேஜர் எழுதச் சொன்னாரா?"

"ஐயோ, அவரு ஒண்ணுமே சொல்லல சார். மலாய்ல அறிக்கை வேணும், ஒரு மணி நேரத்துல வேணும்னாரு. அவ்வளவுதான்."

"பிறகு எங்கேருந்துடா வந்துச்சு இந்தப் பொய்? ஒரு பொம்பள தெருவுல நிக்கிறா. வாயில்லாத பொணத்து மேல பழியப் போட்டிருக்கியே, மனசாட்சி இல்ல ஒனக்கு?"

ஜெயபாலன் விழித்தான். அந்த முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. ஏன் திட்டு வாங்குகிறோம் என்பதே அவனுக்கு விளங்கவில்லை.

"எனக்கு அறிக்கைன்னா ஒண்ணே ஒண்ணுதான் சார் தெரியும். பேரையும் தேதியையும்தான் மாத்துனேன். பரீட்சையில அதுக்கு முழு மார்க்கு கிடைச்சிச்சே சார்."

வகுப்பில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மலாயில் மூன்றாவது பத்தியை ஒப்பிக்கத் தொடங்கினான். கவனக்குறைவே காரணம் என்றான். மது அருந்தியிருந்தார் என்றான். அடுத்த வரி வராமல் தலையைச் சொறிந்தான்.

நவமணி பார்த்துக்கொண்டிருக்க, "சக தொழிலாளிகள் இருவர் எச்சரித்தும் அவர் கேட்கவில்லை" என்று, எட்டு வருடத்துக்கு முன்னால் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்தபடி அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மலாயில், அந்த வரியைச் சொல்லி முடித்தது வாத்தியாரின் வாய்.