தரையில் உட்கார்ந்த சிஸ்டர்

“சிஸ்டர், வலியோட நிக்கிறது என் பொண்ணு. காலை நீட்டி உக்காந்திருக்கிறது நீங்க. இது நியாயமா?”

ஆபிதா கேட்டே விட்டாள்.

பிரசவ அறையில் கட்டில் காலியாகக் கிடந்தது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மகள் சம்ரீன் நின்றிருந்தாள். தலைப்பிரசவம். நர்ஸ் இருளாயி தரையில் ஒரு மெத்தையை விரித்து, பக்கத்தில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள்.

இருளாயி சம்ரீனைப் பார்த்தாள்.

“படுத்துக்கணும்போல இருக்காம்மா?”

“வேணாம் சிஸ்டர். படுத்தா இடுப்பே பிளந்துடும்போல இருக்கு. நின்னா தாங்குது.”

“அப்ப நில்லு. இடுப்பை மெதுவா ஆட்டிக்கிட்டே நில்லு.”

“அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு!” என்றாள் ஆபிதா. “நான் மூணு பெத்தேன். மூணும் படுத்துத்தான் பெத்தேன்.”

காலையில் டாக்டர் தேவதர்ஷினி பார்த்துவிட்டு, “குழந்தையோட தலை இன்னும் இறங்கல. மதியம் வரைக்கும் பார்ப்போம், இல்லைன்னா ஆபரேஷன்தான்” என்று சொல்லியிருந்தார். அப்போதிலிருந்து சம்ரீனுக்கு ஒரே பயம். “கத்தி மட்டும் வேணாம்மா” என்று அழுதுகொண்டே இருந்தாள்.

ஆபிதா வராந்தாவுக்கு வந்தாள். ஷார்ஜாவில் இருக்கும் மருமகன் கலீமுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள்.

“மாப்பிள்ளை, இங்க நடக்கிற அநியாயத்தைக் கேளுங்க. உங்க பொண்டாட்டி நிக்கிறா, நர்ஸம்மா சொகுசா உக்காந்திருக்காங்க. முசிறி பஸ்ல நின்னுக்கிட்டே வந்தாங்களாம். அந்தக் களைப்பை இங்க ஆத்துறாங்கபோல!”

உள்ளே சம்ரீனின் குரல் உயர்ந்தது. ஆபிதா ஓடினாள்.

“மெத்தையில முட்டி போடும்மா. கட்டிலைப் பிடிச்சுக்க. அப்படித்தான்... இப்ப முக்கு!”

இருளாயி உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, குனிந்து, இரண்டு கையையும் ஏந்தினாள்.

பதினொன்றரை மணிக்குப் பெண் குழந்தை வீரிட்டது. தாயும் சேயும் நலம். ஆபரேஷன் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

“மாஷா அல்லாஹ்” என்று ஆபிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் கோபம் மட்டும் ஆறவில்லை. மகளையும் பேத்தியையும் கட்டிலுக்கு மாற்றியதும் நேராக டாக்டரிடம் போனாள்.

“அந்த சிஸ்டரோட வயசுக்கு மரியாதை குடுத்து இவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் டாக்டர். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கிட்டு இப்படியா? நீங்களே வந்து பாருங்க.”

டாக்டர் வந்தார். இருளாயி சுவரோரமாக அப்படியே இருந்தாள்.

“பாத்தீங்களா, நீங்க வந்தும் எந்திரிக்கல!”

டாக்டர் இரண்டு ஆயாக்களைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். இருளாயி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

“அவங்களுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சும்மா” என்றார் டாக்டர். “கீழ உக்காந்தா தானா எந்திரிக்க முடியாது. உக்காரவே கூடாதுன்னு நானே சொல்லியிருக்கேன்.”

ஆபிதா திகைத்தாள். “அப்புறம் எதுக்கு உக்காந்தாங்க?”

“அவங்க நின்னுக்கிட்டுப் பிரசவம் பார்க்கணும்னா, உங்க பொண்ணைப் படுக்க வச்சிருக்கணுமே!”