வெயில் இமைக்கு வரும்வரை

வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு யூஜினியா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் வெள்ளைத் துணி சுற்றிய குழந்தை. பக்கத்து பெஞ்சில், பெயிண்ட் வாசனை போகாத ஒரு முழச் சவப்பெட்டி. எதிரே மண்ணில் முழங்காலிட்டு கேமராவைப் பிடித்திருக்கிறார் காரைக்குடி ஸ்டுடியோக்காரர் பூமிநாதன். ஜென் புத்தகங்கள் படித்துப் பழகியவர்; மனம் காலியாகும்வரை மூச்சை எண்ணுவார், பிறகுதான் அழுத்துவார். இலைகளுக்கிடையே இறங்கும் காலை வெயில் குழந்தையின் கன்னத்தில் காசளவு விழுந்து மெல்ல மேலேறுகிறது. அதற்காகக் காத்திருக்கிறார். "கண்ணு முழிச்சிருக்க மாதிரி ஆக்கித் தருவீகன்னாக," என்கிறான் யூஜினியாவின் புருஷன் தைரியநாதன். செத்தவர்களின் படங்களுக்கு அவர் கம்ப்யூட்டரில் வழக்கமாகச் செய்வதுதான். "செஞ்சிரலாம் தம்பி. புள்ளைக்கு யாரு கண்ணு மாதிரி?" பழக்கத்தில் வாய் கேட்டுவிடுகிறது. யூஜினியா நிமிரவில்லை. "தெரியலண்ணே. பொறக்கையிலயே மூச்சு இல்ல. கண்ணத் தொறக்கவே இல்ல." வேப்பம்பழம் ஒன்று பெட்டி மூடிமேல் விழுந்து உருள்கிறது. பூமிநாதன் மூச்சை எண்ணுகிறார். மூன்றுக்குமேல் எண்ணிக்கை நகரவில்லை. வெயில் இமைகளின்மேல் வந்து நிற்கிறது. விரல் பட்டனைத் தொடும் நேரத்தில் யூஜினியா உள்ளங்கையைக் குழந்தையின் முகத்துக்குமேல் குடையாகப் பிடிக்கிறாள்.

"கண்ணு கூசும்ணே."