மூலை வெட்டிய தட்டு

திரையில் வலது பாதி முழுக்கப் பச்சை. என் பாதி கன்னங்கரேல்.

என் பாதி என்றால் இடது பாதி. வலது பாதி என் வீட்டுக்காரருடையது. இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே மேசை, ஒரே தட்டு. போன வாரத்திலிருந்து பேச்சு மட்டும் கிடையாது.

தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு இல்லை. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு, அது நிறையக் குட்டிக் குட்டிக் குழிகள். எல்லாக் குழியிலும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு புரதத்தை விட்டிருப்போம். அந்தப் புரதத்தின் தலையில் ஒரு பள்ளம் உண்டு. அதில் போய்ச் சிக்கென்று உட்காரும் பெப்டைடைத்தான் தேடுகிறோம். பெப்டைட் என்பது புரதத்தின் சின்னத் துண்டு, அவ்வளவுதான். சரியான துண்டு கிடைத்துவிட்டால், உடம்பு தன் மூட்டுகளைத் தானே கடித்துத் தின்கிற ஒரு வியாதிக்கு மருந்து செய்ய வழி பிறக்கும்.

ஒட்டினால் திரையில் பச்சை. ஒட்டாவிட்டால் கறுப்பு.

அவருடைய பெப்டைடுகளைக் கணினி தேர்ந்தெடுத்தது. என்னுடையதை நானே பொறுக்கினேன். பள்ளத்தின் படத்தை மாதக்கணக்கில் வெறித்துப் பார்த்து, இது உட்காரும், இது உட்காராது என்று ஒவ்வொன்றாக.

அதைத்தான் போன வாரக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், குத்துமதிப்பாக உப்புப் போடுகிற மாதிரி என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றோடு வாயை மூடினேன்.

அவரும் ரோஷத்தில் சளைத்தவர் இல்லை. வீட்டில் ஏதாவது வேண்டுமென்றால் சுவரிடம் சொல்வார். ஆய்வகத்தில் ஃப்ரீசரிடம் சொல்வார். நான் அதுகூடக் கிடையாது. காலையில் அவர் ஒரு பஸ், நான் அடுத்த பஸ்.

இன்றைக்கு இந்தத் தட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஜெயித்தவர் பெப்டைட் அடுத்த கட்டத்துக்குப் போகும். தோற்றவர் பெப்டைட் குப்பிகள் இருக்கிற பெட்டி இன்றைக்கே குப்பைக்குப் போகும். ஃப்ரீசரில் இடமில்லை என்று மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். மேடம்தான் எங்கள் ஆய்வகத் தலைவி. சொன்னால் சொன்னதுதான்.

நான் வந்தபோதே தட்டு, அதைப் படித்துத் திரையில் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. என்ன அவசரமோ மகராசனுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அவரே எடுத்து உள்ளே வைத்தார். அவரே பொத்தானை அமுக்கினார்.

இப்போது பச்சையைப் பார்த்து விசில் வேறு அடிக்கிறார்.

இந்த ஆள் முன்னால் அழக் கூடாது என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது.

மேல் வரிசையில் இடது ஓரக் குழியில், கட்டாயம் ஒட்டும் என்று தெரிந்த ஒரு பழைய பெப்டைடைப் போட்டு வைப்போம். பரிசோதனை ஒழுங்காக நடந்ததா என்று அதைப் பார்த்துத்தான் நம்புவோம். அந்த இடம் கறுப்பாகக் கிடந்தது. கீழ் வரிசை வலது ஓரத்தில், மற்றப் பச்சைகளைவிடப் பளிச்சென்று அது எரிந்துகொண்டிருந்தது.

அடக் கடவுளே! மனுஷன் தட்டைத் தலைமாடு கால்மாடாக வைத்திருக்கிறார்.

அப்படியானால் அந்தப் பச்சை அத்தனையும் என்னுடையது.

அதெப்படி மாறும்? திசை தெரிவதற்கென்றே தட்டில் ஒரு மூலையை வெட்டியிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். இத்தனை வருஷத்தில் இவர் ஒரு தட்டைக்கூட மாற்றி வைத்தது கிடையாது. ஜெயிக்கிற அவசரத்தில் கண் தெரியவில்லை போலிருக்கிறது.

சொல்ல வாயெடுத்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். முதலில் பேசியவள் நான் என்றாகிவிட்டால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்.

அவரே பார்க்கட்டும் என்று இருந்தேன். எங்கே பார்த்தார்? ஃப்ரீசரைத் திறந்து என் பெட்டியை எடுத்தார். தோற்றவர் பெட்டி காலியாக வேண்டுமாம் என்று ஃப்ரீசரிடம் ஒரு வார்த்தை சொன்னார். பெட்டியைக் குப்பைத் தொட்டிக்கு மேலே நீட்டினார்.

மூடியைத் திறந்தார். மெதுவாக. ஒரு மூடியை இவ்வளவு நேரம் திறக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை.

கையைப் பிடித்துத் தடுக்கலாம். ஆனால் கையைப் பிடிப்பது பேசுவதைவிடப் பெரிய சமாதானம்.

பெட்டி சாய்ந்தது. ஒரு குப்பி உருண்டு விளிம்புக்கு வந்தது.

"ஐயோ, தட்டைத் திருப்பி வச்சிருக்கீங்க! அந்தப் பச்சையெல்லாம் என்னோடது!"

அவர் பெட்டியை நிமிர்த்தினார். குப்பியை விரலால் உள்ளே தள்ளி மூடினார். திரையை எட்டிப் பார்த்து, அட ஆமா என்றார்.

அவ்வளவுதான். தோற்றவர் முகத்தில் ஒரு சுணக்கம் வேண்டாமா? இந்த மனுஷனுக்குச் சொரணையே கிடையாதா என்று எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

அந்த நேரம் பார்த்து மேடம் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார்.

"என்னம்மா, இன்னும் இங்கயே நிக்கிறே? உன்னோடதுதான் ஒட்டியிருக்குன்னு காலையிலேயே உன் வீட்டுக்காரர் எல்லாரையும் கூப்பிட்டுத் திரையில காட்டிட்டாரே! அன்னிக்கு உப்பு அது இதுன்னு பேசினது தப்புன்னு வேற எல்லார் முன்னாடியும் சொன்னாரு."

நான் திரும்பிப் பார்த்தேன்.

என் பெட்டியைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு, மூடின ஃப்ரீசர் கதவை மறுபடியும் அழுத்தி மூடிக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவரைப் பார்க்கவில்லை. ஃப்ரீசரிடம்தான் சொன்னேன்.

"வீட்டுக்கு வரட்டும், வச்சுக்கிறேன்."