இசக்கியம்மாளுக்கு வந்த பயம்

செங்கல் சூளையில் வேலை செய்யும் எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் முதலாளி ஒரு வில்லையை ஒட்டியிருந்தார். அது இருக்கிறவரை எந்த வேலையும் சுகம்தான். அதனால்தான், ஆறாத கல்லை வெறுங்கையால் அடுக்கிக்கொண்டிருந்த பேச்சிமுத்து தன் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்குவதைக் கவனிக்கவில்லை. அவன் மனைவி இசக்கியம்மாள் பார்த்துவிட்டாள்.

“ஏங்க, கை கருகுது. கீழ போடுங்க.”

“ஏட்டி, வெதுவெதுன்னு எம்புட்டுச் சொகமா இருக்கு தெரியுமா? நீயும் தொட்டுப் பாரு.” சிரித்தபடி அடுத்த கல்லை எடுத்தான்.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போக அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அதற்குள் அவள் காதுக்குப் பின்னால் இதமாகச் சூடேறியது. பயம் கரையத் தொடங்கியது. சதை கருகும் நாற்றம்கூடப் பலகாரம் சுடுவதுபோல் மணத்தது. இன்னும் சற்று நேரத்தில் தானும் சிரித்துக்கொண்டே அவன் பக்கத்தில் நின்று கல் அடுக்குவோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

நகத்தால் கீறித் தன் வில்லையைப் பிய்த்தெறிந்தாள். வருஷக்கணக்கில் தெரியாமலிருந்த இடுப்புவலி மொத்தமாக வந்து இறங்க, அப்படியே மண்டிபோட்டு விழுந்தாள். ஆனால் பயமும் திரும்ப வந்திருந்தது. அந்தப் பயத்தின் வேகத்தில் அவன் வேட்டியைப் பற்றி வாசல் பக்கம் இழுத்தாள்.

“யாராவது இவரைப் பிடிங்களேன்.”

சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள்.