இன்னும் தேறவில்லை

"இது அநியாயம்! நான் விடமாட்டேன்" என்று கதவைக்கூடத் தட்டாமல் மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள் விபெக.

பின்னாலேயே, "வேணாம் விபெக, விட்டுடு" என்று கெஞ்சிக்கொண்டு, கூட வேலை பார்க்கும் டோர்த்தே வந்தாள்.

விபெக தொழிற்சங்கப் பிரதிநிதி. எஸ்பியெர் துறைமுகத்தில் இருக்கும் அந்தக் காற்றாலை உதிரிபாகக் கிடங்கில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. மேனேஜர் ஃபிளெமிங் உட்பட.

டிசம்பர் வந்தால் அங்கே ஆளுக்கு ஒரு படிவம். இந்த வருஷம் என்ன கற்றாய், எதில் வளர்ந்தாய், எதில் குறை என்று மேனேஜரோடு உட்கார்ந்து பேசி எழுதவேண்டும். டோர்த்தேயின் படிவம் பிரின்டரில் கிடந்ததை விபெக பார்த்துவிட்டாள். வினையே அதில்தான் வந்தது.

"உட்காரு விபெக. ஆப்பிள் பணியாரம் எடுத்துக்கோ, சூடா இருக்கு."

"பணியாரத்தைக் காட்டி என் வாயை அடைக்காத. இது என்ன? 'கணினித் திறமை: இன்னும் தேறவில்லை.' நாலு வருஷமா இதே வரி! ஏம்பா, செப்டம்பர்ல சிஸ்டம் படுத்துக்கிச்சே, மூணு நாள் உட்காந்து அதை எழுப்பினது யாரு? நீயா?"

"டோர்த்தேதான்."

"உனக்குப் பாஸ்வேர்டு மறந்துபோனா யார்கிட்ட ஓடுற?"

"டோர்த்தேகிட்ட."

"அவளா தேறலை? ஜனவரில துணை மேனேஜர் வேலை காலியாகுது. இந்த ஒரு வரி இருந்தா தலைமை ஆபீஸ் அவ பேரைத் திரும்பிக்கூடப் பாக்காது. நாளைக்கு உன் நாற்காலிக்குப் போட்டியா வந்துடுவான்னு பயம், அதானே?"

ஃபிளெமிங்குக்குக் காதுவரை சிவந்துவிட்டது. ஆள் மாட்டிக்கொண்டான் என்று விபெக முடிவு கட்டினாள்.

"சரி. அந்த வரியை அடிச்சுடறேன்" என்று அவன் பேனாவை எடுத்தான்.

அந்தக் கையை டோர்த்தே எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காத ஃபிளெமிங்! உனக்குப் புண்ணியமாப் போகும், அடிக்காத!"

விபெகவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அடியே, உனக்காகத்தான்டி நான் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்!"

"குறைன்னு எழுதினாத்தான் கம்பெனி பயிற்சி குடுக்கும். பயிற்சி இருந்தாத்தான் வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு ஆபீஸ் கிடையாது." டோர்த்தேயின் குரல் இறங்கிவிட்டது. "பாடத்தை ஞாயித்துக்கிழமை வீட்டுலயே முடிச்சுடுவேன். வியாழக்கிழமை ஆக்செல்கிட்ட போயிடுவேன்."

ஆக்செல் அவள் கணவன். பக்கவாதம் வந்து நாலரை வருஷமாகப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். அது கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். இந்த வியாழக்கிழமை விஷயம் தெரியாது.

"அவருக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்க அன்னிக்கு ஆள் வருது. நான் எதிர்ல இருந்தாத்தான் வாயைத் திறப்பாரு. என் லீவெல்லாம் மொதல் வருஷமே தீந்துபோச்சு. இனி என்ன செய்யறதுன்னு தெரியாம இந்த ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுவேன். அந்த டிசம்பர்லதான் மொத தடவையா என் படிவத்துல இந்தக் குறை வந்துது. நானா கேக்கலை. ஃபிளெமிங்கும் இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

ஃபிளெமிங் ஜன்னல் பக்கம் திரும்பி, துறைமுகத்து கிரேன்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"அப்போ துணை மேனேஜர் வேலை?"

"அது கிடக்கு. போன டிசம்பர்ல அவருக்கு ரெண்டு வார்த்தைதான் வரும். இப்போ பதினொண்ணு வருது. இந்த வருஷம் நான் வளந்தது அவ்வளவுதான் விபெக, அது போதும் எனக்கு."

விபெக பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் கத்தியிருந்தால் அந்தப் பதினோரு வார்த்தைக்கும் நானே உலை வைத்திருப்பேனே என்று அவளுக்கு உறைத்தது. நல்லவேளை, பேனா காகிதத்தைத் தொடவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"அந்தப் பேச்சுப் பயிற்சிக்காரங்க வாரத்துல ஒரு நாள்தான் வர்றாங்களா?"

"செவ்வாய்க்கிழமையும் வருவாங்க. அன்னிக்கு நான் போக முடியாது, அவரும் வாய் திறக்க மாட்டாரு."

விபெக படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தாள். முகத்தில் மறுபடி அதே கடுகடுப்பு.

"ஃபிளெமிங், இந்த மதிப்பீட்டைச் சங்கம் ஒத்துக்காது."

இரண்டு பேருக்கும் உயிரே போய்விட்டது.

"இவளுக்கு இங்கிலீஷும் சுத்தமா வராது, நானே என் காதால கேட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமையும் சேத்து எழுது!"