பின்கதவு

சமையலறைக் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர் நீல வாளிக்குள் ‘டொக்’கென்று விழுகிறது. கையிலிருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் காணும்: இந்த ஒழுகலை அடைக்கலாம், இல்லையென்றால் வீட்டு முகப்புக்குப் பெயின்ட் அடிக்கலாம். “நமக்கென்ன தெரியும்? கொத்தனாரே பார்த்துச் சொல்லட்டும்” என்கிறார் கணவர், அவள் முகத்தைப் பார்க்காமல். “இன்னைக்குத்தாம்மா இந்தத் தெருவுக்குள்ளயே கால் வைக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே கொத்தனார் சுவரைத் தட்டுகிறார்; டாக்டர் கணக்காகக் காதை வைத்துக் கேட்கிறார். “இது ஒண்ணுமில்ல, ரெண்டு வருஷம் தாங்கும். முகப்புதான் முதல்ல. எதிர்வீடு எப்படிப் பளபளன்னு இருக்கு!” எதிர்வீட்டுப் பளபளப்பு கணவரின் ஒரு மாதப் புலம்பலாயிற்றே, இந்த மனுஷன் வாய்க்கு எப்படி வந்தது? எப்போதோ காய்ந்துவிட்ட கரண்டியை அவள் இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறாள். “எதுக்கும் ஏணி வச்சு மேல ஒரு பார்வை பார்த்துடறேன்” என்று கொத்தனார் பின்கதவுக்குப் போகிறார். அது லேசுப்பட்ட கதவல்ல; அடிக்கடி வந்துபோகும் மருமகனே இன்றுவரை அதோடு மல்லுக்கட்டுகிறார். கொத்தனாரோ கால்விரலால் கதவின் அடியை நெம்பி, தோளால் ஓர் இடி இடித்து, தாழ்ப்பாளைச் சுண்டுவிரலால் இழுக்கிறார். கதவு சத்தமே இல்லாமல் திறக்கிறது. போன வாரம் இரண்டு நாள் அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கணவர் சட்டென்று குனிந்து வாளிக்குள் பார்க்கிறார். “அடடா, நிறையவே ஒழுகுதே!” அவள் கரண்டியை ஆணியில் மாட்டுகிறாள். “கொத்தனாரே, பழகின கதவு போலிருக்கே. ஏணியை முன்பக்கம் கொண்டுபோகாதீங்க. இங்கயே சாத்துங்க.”